லெஃப்காரா: சைப்ரஸின் பூத்தையல் மலைக்கிராமத்துக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

சைப்ரஸ் என்றால் கடற்கரை என்று முடிவுகட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். லார்னகாவில் இறங்குவார்கள், ஆயா நாபாவில் குளிப்பார்கள், பாஃபோஸில் மொசைக் தரைகளைப் பார்ப்பார்கள், திரும்பிவிடுவார்கள். லெஃப்காரா அந்தப் பாதையிலிருந்து வெகுதூரம் விலகிய ஊர் அல்ல. லார்னகா விமான நிலையத்திலிருந்து காரில் முக்கால் மணி நேரம் போதும். த்ரோதோஸ் மலையின் தெற்குச் சரிவில், ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில், சுண்ணாம்புக்கல் வீடுகளும் சிவப்பு ஓடுகளுமாக இருக்கிறது. இந்த ஊர்ப் பெண்களின் கைப் பூத்தையலை 2009இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

சிக்கல் எங்கே என்றால், இங்கே வருகிற பலர் சுற்றுலாப் பேருந்தில் வந்து, இறக்கிவிட்ட கடைக்குள் நேரே நுழைந்து, ஒரு மேசைவிரிப்பை வாங்கியோ வாங்காமலோ அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பிறகு "கடைத்தெரு மாதிரி இருந்தது" என்று சொல்வார்கள். அவர்கள் பார்த்தது கடைத்தெருவை மட்டும்தானே. முதலில் ஊரை நடந்து பார்க்க வேண்டும், அடுத்து வேலைப்பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும், கடைக்குள் கடைசியாகத்தான் நுழைய வேண்டும். நானும் அந்த வரிசையிலேயே சொல்லிப்போகிறேன்.

சரியான லெஃப்காராவைத் தேடுங்கள்

சிரிக்காதீர்கள், இது உண்மையிலேயே முதல் வேலை. மேப்பில் அவசரமாகத் தட்டினால் லெஃப்காதா வரும். அது கிரேக்க நாட்டுத் தீவு. லெஃப்கே வரும்; அது சைப்ரஸின் வடபகுதியில், 1974இல் தீவு பிரிந்தபிறகு துருக்கியர் கட்டுப்பாட்டில் இருக்கும் ஊர். நமக்கு வேண்டியது பானோ லெஃப்காரா, அதாவது மேல் லெஃப்காரா. அதற்குக் கீழே சிறிய காத்தோ லெஃப்காரா இருக்கிறது. கடைகளும் அருங்காட்சியகமும் மேலூரில்தான்.

பிரிவினை பற்றிச் சொன்னதால் இன்னொன்று: வடபகுதியில் உள்ள எர்ஜான் விமான நிலையம் வழியாகத் தீவுக்குள் நுழைவதைச் சைப்ரஸ் குடியரசு சட்டவிரோதமாகக் கருதுகிறது. மலிவான டிக்கெட் கிடைத்தாலும் அந்தப் பக்கம் போக வேண்டாம். லார்னகா அல்லது பாஃபோஸ், இரண்டில் ஒன்றில் இறங்குங்கள்.

விசா விஷயத்தில் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே எடுத்தாக வேண்டும். சைப்ரஸ் 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகளின் பொது விசா ஏற்பாடு) விவகாரம் தனிக்கதை, விதிகள் மாறும். நண்பர் சொன்னார், யூடியூபில் பார்த்தேன் என்று நம்பாமல் தூதரக அறிவிப்பைப் படித்துவிட்டு டிக்கெட் போடுங்கள். லண்டன் பக்கத்துத் தமிழர்களில் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குச் சிறு விடுமுறைக்கு இந்தத் தலைவலி இல்லை.

எந்த மாதம், எந்த நேரம்

ஏப்ரல், மே, அக்டோபர். வசந்தத்தில் மலைச்சரிவெல்லாம் பச்சை பிடித்திருக்கும். ஜூலை, ஆகஸ்ட் வெயில் நமக்குப் பழக்கம்தானே என்று நினைப்பீர்கள். ஆனால் அந்தக் கல் தெருக்களில் மதியம் நிழல் மிகக் குறைவு, சுவரே சூட்டைத் திருப்பி அடிக்கும். குளிர்காலத்தில் மலையில் மழையும் குளிரும் உண்டு, சில உணவகங்கள் மூடியிருக்கும். கூட்டமே ஆகாது என்பவர்களுக்கு அதுவும் சரிதான்.

மாதத்தைவிட நேரம் முக்கியம். பேருந்துக் கூட்டம் பெரும்பாலும் காலை பத்து மணிக்கு மேல் வரும், பிற்பகலில் வடியும். எட்டரை, ஒன்பதுக்குள் ஊருக்குள் இருந்தால் தெரு உங்களுடையது. கோடையில் மதிய உணவுக்குப் பிறகு ஊரே கொஞ்ச நேரம் கதவடைத்துப் படுக்கும். அந்த நேரத்தில் கதவைத் தட்டுவதும், தெருவில் சத்தமாகப் பேசுவதும் மரியாதை அல்ல. ஈஸ்டர், ஆகஸ்ட் 15 மாதா திருநாள் ஆகியவற்றை ஒட்டிப் பல கடைகள் மூடியிருக்கும், தங்குமிடங்களோ நிரம்பியிருக்கும். செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருநாள். ஊரின் முக்கியத் தேவாலயமே திருச்சிலுவையின் பெயரில் இருப்பதால் அன்று களைகட்டும். கூட்டம் பிடிக்கும் என்றால் அன்றைக்கே போங்கள்.

மலையேறும் வழி

கார்தான் வசதி. நல்ல செய்தி, சைப்ரஸில் நம்மூர் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள். 1878 முதல் 1960 வரை பிரிட்டிஷ்காரர்கள் ஆண்டதன் மிச்சம். மூன்று முள் பிளக்கும் அவர்களுடையதுதான். உங்கள் ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் தேவையா என்பதை வாடகைக் கார் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கவுண்ட்டரில் நின்று வாதாடுவது வீண். அந்தக் காரை வடபகுதிக்குக் கொண்டுபோனால் காப்பீடு செல்லாது.

லார்னகாவிலிருந்து ஏ5 சாலையில் கோஃபினு வரை, அங்கிருந்து ஏ1 நெடுஞ்சாலையில் லிமசோல் திசையில் கொஞ்ச தூரம், ஸ்காரினு வெளியேறலில் இறங்கினால் லெஃப்காரா பலகை தெரியும். நெடுஞ்சாலையில் வேக வரம்பு மணிக்கு 100 கிலோமீட்டர். அதன்பிறகு வளைவுகளோடு ஏற்றம், சாலை நல்ல சாலைதான். வாந்தி வருகிற சிறு பிள்ளைகள் இருந்தால் அவர்களை முன் சீட்டில் உட்காரவைக்கச் சட்டம் விடாது, எனவே ஸ்காரினுவிலேயே ஒரு முறை நிறுத்தி இளைப்பாறிவிட்டு ஏறுங்கள்.

லார்னகாவிலிருந்து கிராமப் பேருந்தும் உண்டு, ஆனால் நாளுக்குச் சில முறைதான். வார இறுதியில் அதைவிடக் குறைவு. கடைசிப் பேருந்து எப்போது என்பதைக் காலையிலேயே ஓட்டுநரிடம் கேட்டு உறுதிசெய்யாமல் இறங்காதீர்கள். நாலு பேர் சேர்ந்தால் டாக்ஸி கட்டுப்படியாகும்.

கோடையில் காட்டுத்தீ பெரிய பயம். 2021 ஜூலையில் அரகபாஸ் அருகே பிடித்த தீ இந்த மலைப்பகுதியின் பல கிராமங்களைச் சுற்றிப் பரவியது; எகிப்தியத் தொழிலாளர்கள் நான்கு பேர் இறந்தார்கள். சிகரெட் துண்டை ஜன்னல் வழியாக வீசுகிற பழக்கம் இருந்தால் அதை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். எங்காவது புகை கண்டால் 112க்கு அழையுங்கள்.

வண்டியை ஓரங்கட்டிவிட்டு நடங்கள்

ஊர் நுழைவிலேயே வண்டி நிறுத்த இடம் இருக்கும். அங்கேயே விட்டுவிடுங்கள். மேப் "நேராகப் போ" என்று சொல்லும். நேராகப் போனால் கண்ணாடியை மடக்கினாலும் நுழைய முடியாத சந்தில் மாட்டிக்கொண்டு, பின்னால் வந்த தாத்தா பிக்கப் வண்டியில் பொறுமையாகக் காத்திருக்க, ரிவர்ஸ் எடுக்க வேண்டிவரும். கால்பிடிப்புள்ள செருப்போ ஷூவோ அவசியம். வழவழவென்று தேய்ந்த கற்கள், நிறையப் படிகள். சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் இந்தத் தெருக்கள் கடினம். வயதானவர்கள் இருந்தால் பிரதான தெருவோடு நிறுத்திக்கொள்ளலாம், அதுவே பார்க்கத் தகுந்தது.

முதலில் திருச்சிலுவைத் தேவாலயத்துக்குப் போங்கள். இதன் தொடக்கத்தை 14ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். உள்ளே பொன்முலாம் பூசிய மரத்திரை ஒன்று இருக்கிறது, 18ஆம் நூற்றாண்டு வேலை. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். படமெடுக்கும் முன் கேளுங்கள். இந்தச் சின்ன மலையூரில் இவ்வளவு பெரிய தேவாலயம் எதற்கு என்று தோன்றும். 1260இல் போப் நான்காம் அலெக்சாந்தரின் ஆணை சைப்ரஸின் ஆர்தடாக்ஸ் ஆயர்களை நான்காகக் குறைத்து, நகரங்களிலிருந்து ஒதுக்குப்புறங்களுக்கு அனுப்பியது. நகரங்களில் லத்தீன் (ரோமன் கத்தோலிக்க) ஆயர்களே இருக்க வேண்டும் என்பது அப்போது ஆட்சியில் இருந்த, மேற்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஃபிராங்க் பிரபுக்களின் விருப்பம். லிமசோல் பக்கத்து ஆர்தடாக்ஸ் ஆயருக்குக் கிடைத்த ஊர் லெஃப்காரா. அவரை ஓரங்கட்டத்தான் அனுப்பினார்கள்; ஊருக்கு அது பெருமையாகிவிட்டது.

சரித்திரத்தில் ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு, கடைகளில் அதை யாரும் சொல்வதில்லை. 1570இல் ஓட்டோமான் (துருக்கிய) படை தீவில் இறங்கியபோது லெஃப்காரா அவர்களுக்குப் பணிந்தது. மற்ற ஊர்களும் அப்படிச் செய்துவிடக் கூடாது என்று அப்போது தீவை ஆண்ட வெனீசியர்கள் படையனுப்பி ஊரைக் கொளுத்தி மக்களைக் கொன்றார்கள். மறு ஆண்டே தீவு முழுவதும் ஓட்டோமான் வசமானது. பிற்காலத்தில் இங்கே கிரேக்கரும் துருக்கியரும் சேர்ந்து வாழ்ந்தார்கள்; 1960களின் மோதல்களில் துருக்கியர் வெளியேறினார்கள். அவர்களுடைய மசூதி இன்னும் நிற்கிறது. நடக்கும்போது கண்ணில் படும்.

அடுத்து பத்சாலோஸ் மாளிகை. பூத்தையலுக்கும் வெள்ளி வேலைக்குமான அருங்காட்சியகம் அங்கேதான். பெரும்பாலோர் கடைகளைப் பார்த்துக் களைத்தபிறகு இதற்கு வருகிறார்கள்; தலைகீழ் வரிசை அது. முதலில் இங்கே வந்து பழைய வேலைப்பாடுகளைப் பார்த்தால் கண் பழகும். கடையில் யார் எதைக் காட்டினாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவுகோல் மனதில் இருக்கும். ஒரு வசதியான குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதும் அறைகளைப் பார்த்தால் தெரியும். அந்த வசதிக்குப் பின்னால் ஒரு வேலைப்பிரிவினை இருந்தது: பெண்கள் ஊரில் உட்கார்ந்து தைத்தார்கள், ஆண்கள் பெட்டிகளில் துணியை அடுக்கிக்கொண்டு ஐரோப்பிய நகரங்களில் வீடு வீடாக ஏறி விற்றார்கள். ஊரின் பெரிய கல் வீடுகள் பலவும் அந்த வியாபாரத்தில் எழுந்தவை.

பூத்தையலைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும். லெஃப்காரா வேலையில் நான்கு அடிப்படைகள் உண்டு. லினன் துணியிலிருந்து இழைகளை உருவி, மீந்த இழைகளைக் கட்டித் தைக்கும் கரை. துணியைச் சிறு சதுரங்களாக வெட்டி எடுத்து ஓட்டைகளைத் தையலால் நிரப்புவது. இழைகள் நெருக்கமாகப் படுத்து மின்னும் நிரவல் தையல். ஓரத்தில் ஊசியாலேயே கட்டும் லேஸ். உள்ளூர்ப் பழைய தையலோடு 1489 முதல் ஆண்ட வெனீசியச் சீமாட்டிகளின் பூவேலையும், பைசாந்திய வடிவக் கணக்குகளும் கலந்து உருவான முறை. பூ, கொடி என்று பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். எல்லாம் சதுரம், முக்கோணம், வளைந்து நெளிந்தோடும் ஆற்றுக்கோடு. நிறமும் வெள்ளை, பழுப்பு, சந்தன நிறத்தோடு நின்றுவிடும்.

காலை வெயில் ஏறுவதற்கு முன் சந்துகளில் நடந்தால், வாசலில் நாற்காலி போட்டு, மடியில் தலையணை வைத்துத் தைக்கும் பாட்டிகளைப் பார்க்கலாம். அருகே நின்று கையைக் கவனியுங்கள். துணியில் பென்சில் கோடு கிடையாது. ஊசி முனையால் இழைகளை எண்ணுகிறார். நாலு இழை, அதற்கப்புறம் ஒரு குத்து. எண்ணிக்கை தவறினால் அந்தச் சதுரமே கோணிவிடும், பிரித்துவிட்டுத்தான் மறுபடி தைக்க வேண்டும். ஒரு கைக்குட்டை அளவுத் துண்டுக்கே நாட்கள் பிடிக்கும், பெரிய மேசைவிரிப்பு மாதக்கணக்கு. இதைக் கண்ணால் பார்த்தபிறகு விலையைக் கேட்டால் மூச்சு முட்டாது. "கலிமேரா" என்று வணக்கம் சொல்லிவிட்டுப் பாருங்கள், படமெடுக்க அனுமதி கேளுங்கள். கேட்காமல் முகத்துக்கு நேரே போனை நீட்டுகிறவர்களால் அவர்கள் ரொம்பவே அலுத்துப்போயிருக்கிறார்கள்.

இளைய தலைமுறையில் தைப்பவர்கள் குறைவு. கையால் செய்தது சிறிதளவே கிடைக்கிறது, வாங்க வருகிற கூட்டமோ பெரிது. அந்த இடைவெளியில் வெளிநாட்டிலிருந்து வந்த இயந்திர லேஸ் புகுந்துவிட்டது. ஒரே கடையில், ஒரே மேசையில் இரண்டும் இருக்கலாம். இயந்திரத் துணி வாங்குவதில் தப்பில்லை, அந்த விலைக்கு வாங்கினால். கைவேலை விலை கொடுத்து அதை வாங்கினால்தான் வயிறெரியும்.

எனவே துணியைக் கையில் எடுத்ததும் முதலில் திருப்புங்கள். கைவேலையில் பின்புறமும் ஏறக்குறைய முன்புறம் போலவே சுத்தமாக இருக்கும். நூல் முனைகள் தையலுக்குள்ளேயே மறைந்திருக்கும். இயந்திர வேலையில் ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குத் தாவிய நூல் பின்னால் தெரியும், ஓட்டைகளின் ஓரத்தில் பிசிறு இருக்கும். அடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். அத்தனை சதுரமும் அச்சு வார்த்ததுபோல் ஒன்றேயாக இருந்தால் சந்தேகப்படுங்கள். மனிதக் கையில் ஒரு மயிரிழை வித்தியாசம் வந்தே தீரும். மூன்றாவதாக, நேராகக் கேளுங்கள்: இது கையால் செய்ததா, இந்த ஊரில் செய்ததா, யார் செய்தது? நல்ல கடைக்காரர் இந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவார். சுற்றி வளைத்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். பெரிய தொகைக்கு வாங்கினால் "லெஃப்காராவில் கையால் செய்தது" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பேரம் பேசலாம், ஆனால் பாதி விலைக்குக் கேட்காதீர்கள். ரொக்கமாகக் கொடுத்தால் கொஞ்சம் குறைப்பவர்கள் உண்டு. என் ஆலோசனை, பெரிய இயந்திர மேசைவிரிப்புக்குப் பதிலாக உள்ளங்கை அளவு கைவேலைத் துண்டு ஒன்றை வாங்கிச் சட்டமிட்டு மாட்டுங்கள். வீட்டில் துவைப்பதானால் வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும்; பிளீச் வேண்டாம், முறுக்கிப் பிழியவும் வேண்டாம். தடித்த துவாலை விரித்து, பூவேலை கீழ்ப்பக்கம் இருக்கும்படி வைத்து இஸ்திரி போட்டால் மேடு அமுங்காது.

கடைகளில் லியோனார்டோ டா வின்சி கதையைக் கட்டாயம் கேட்பீர்கள். 1481இல் அவர் இங்கே வந்து மிலான் பேராலயத்தின் பலிபீடத்துக்கு ஒரு விரிப்பு வாங்கிப்போனாராம். கதையாக ரசியுங்கள், அதற்காக விலையைக் கூட்டிக்கொடுக்க வேண்டாம். பக்கத்திலேயே வெள்ளிக் கடைகளும் இருக்கும். மெல்லிய வெள்ளிக் கம்பியை முறுக்கிச் செய்யும் கம்பிவேலைதான் இங்கே விசேஷம், தோடும் சிறு பேழைகளும் அழகாக இருக்கும். அதே கேள்விகளை அங்கேயும் கேளுங்கள்.

சாப்பாடு

லெஃப்காராவின் பெயர் சொல்லும் உணவு தவாஸ். ஆட்டிறைச்சி, வெங்காயம், தக்காளி, கூடவே அரிசி, தாராளமாகச் சீரகம், எல்லாம் மண்சட்டியில் போட்டு ஓவனில் மெதுவாக வேகும். சீரக வாசனைக்கே நம் நாக்கு ஒத்துக்கொள்ளும். சில இடங்களில் முன்கூட்டியே சொல்ல வேண்டியிருக்கும், ஆகவே காலையில் நடக்கும்போதே கேட்டு வையுங்கள்.

சைவர்கள் பயப்பட வேண்டாம். சுட்ட ஹலூமி பாலாடைக்கட்டி எங்கும் கிடைக்கும். காராமணியைக் கீரையோடு வேகவைத்து ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் விட்ட லூவி நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு மிக நெருக்கம். சேப்பங்கிழங்கையும் கொலொகாசி என்று சொல்லிச் சமைக்கிறார்கள், ஆனால் அதைப் பன்றி இறைச்சியோடு சமைப்பதும் வழக்கம் என்பதால் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். திராட்சை இலைச் சுருளிலும் கொத்துக்கறி இருக்கலாம். "நிஸ்தீசிமா" இருக்கிறதா என்று கேட்பது நல்ல வழி. ஆர்தடாக்ஸ் நோன்புக்காலச் சமையலின் பெயர் அது. இறைச்சி, முட்டை, பால் எதுவும் இருக்காது. கணவாய், சிப்பி போன்றவை மட்டும் நோன்பில் அனுமதி உண்டு, அதை மறக்காதீர்கள்.

காபி சொல்லும்போது சர்க்கரை அளவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சேர்த்துத்தான் கொதிக்கவைப்பார்கள். சர்க்கரை வேண்டாம் என்றால் ஸ்கெத்தோ, அளவாக என்றால் மெத்ரியோ. கோப்பையின் அடியில் தூள் தங்கியிருக்கும், கடைசி மடக்கைக் குடிக்காமல் விட்டுவிடுங்கள்.

ஒரு இரவு தங்கலாமா

முடிந்தால் தங்குங்கள். பழைய கல் வீடுகளை விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள். மாலையில் பேருந்துகள் போனதும் காபிக்கடை நாற்காலிகள் உள்ளூர்க்காரர்களிடம் திரும்பும், கடைக்காரர்களும் விற்பனையை மறந்து பேசத் தொடங்குவார்கள். வாங்குவதாக இருந்தால் மறுநாள் காலை முதல் ஆளாகப் போய் வாங்குங்கள், அவசரம் இருக்காது. காலையில் காத்தோ லெஃப்காராவுக்கு இறங்கிப் போய் பழைய சுவரோவியங்கள் உள்ள அதிதூதர் மிக்கேல் ஆலயத்தைக் கேளுங்கள். பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாம். பக்கத்துக் காத்தோ த்ரீஸ், 12ஆம் நூற்றாண்டுத் துறவி புனித நியோஃபிதோஸைத் தன் மகனாகக் கொண்டாடும் அமைதியான ஊர்.

திரும்பும் வழியில்

நெடுஞ்சாலையில் லிமசோல் திசையில் சற்றே போனால் கிரோகித்தியா. கி.மு. 7ஆம் ஆயிரமாண்டைச் சேர்ந்த கற்காலக் குடியிருப்பு, 1998 முதல் உலக மரபுச் சின்னம். வட்ட வடிவ வீடுகளின் அடித்தளங்கள் சரிவில் அடுக்கடுக்காக இருக்கும். கீழே சில வீடுகளை மாதிரிக்குக் கட்டிவைத்திருக்கிறார்கள், அதை முதலில் பார்த்துவிட்டு மேலே ஏறினால் கற்களுக்குப் பொருள் புரியும். மரநிழல் இல்லாத ஏற்றம், தண்ணீர் எடுத்துப்போங்கள். குளிர்காலத்தில் சீக்கிரம் மூடுவார்கள்.

லார்னகா பக்கம் திரும்புகிறவர்களுக்குக் குன்றின் உச்சியில் ஸ்தாவ்ரோவூனி மடம் தெரியும். அங்கே பெண்களுக்கு அனுமதி இல்லை, உள்ளே படமெடுக்கவும் கூடாது. குடும்பத்தோடு போகிறவர்கள் சாலையிலிருந்தே பார்த்துவிட்டு, மிச்ச நேரத்தைக் கிரோகித்தியாவுக்குக் கொடுப்பது நல்லது.